சிறு பலகைக் கணிப்பொறியும் சங்கத்தின் பேரேடும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பேரேட்டின் அருமையைப் பிறர் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. இப்பகுதியின் நெடிய வீடுகளிலிருந்து இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பலேறிச் சென்றவர்கள் தம் தொழிலைக் கணக்கின் மேல்தான் கட்டினார்கள். அன்றாடம் குறிப்பு எழுதி, அதனைப் பேரேட்டில் பிரித்து ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை கண்டு, ஒரு காசு இடித்தாலும் உறங்காது தேடிய கணக்குப்பிள்ளைகள் வாழ்ந்த மண் இது.

தனிவணிகர் ஒருவரின் பேரேடு பிழையானால் நட்டம் அவரோடு நிற்கும். சங்கத்தின் பேரேடு பிழையானாலோ, நெசவாளி வீட்டிற்குப் போகவேண்டிய கூலி தங்கிவிடும். விவசாயி கட்டிய தவணை கட்டாததாகும். ஆகவே, சங்க அலுவலகத்தில் பேரேட்டை எந்தக் கருவியில் எழுதுவது என்னும் கேள்வி, நாற்காலி வாங்குவது போன்ற சில்லறைக் கேள்வியன்று.

அண்மைக் காலத்தில் கண்டனூரிலும் புதுவயலிலும் கோட்டையூரிலும் அங்கத்தினர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். "பழைய கணிப்பொறி ஓய்ந்துபோகும் நிலையில் இருக்கிறது. புதிது வாங்கச் சங்கத்தில் பணமில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணிப்பொறி மலிவாகக் கிடைக்கிறதாமே, அது நமக்கு உதவுமா?" என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்வி இப்போது எழுவதற்குக் காரணமும் உண்டு. பெரும்பாலான சங்கங்களில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10 என்னும் இயக்கமுறைக்கு அதனைச் செய்தவர்கள் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்துவந்த விண்டோஸ் 11 பழைய பொறிகள் பலவற்றில் ஏறுவதில்லை. ஆகவே, வேறு வழி தேடவேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

அக்கேள்விக்கு என்னால் இயன்ற விடையை, நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல், இங்கே கூறுகிறேன்.

பலகை என்பது யாது?

நாம் பார்த்துப் பழகிய மேசைக் கணிப்பொறியில் ஒரு பெட்டி இருக்கும். அப்பெட்டியினுள் மூளைச் சில்லு, நினைவகம், வட்டு, மின்வழங்கி எனப் பல உறுப்புகள் தனித்தனியே பொருத்தப்பட்டிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே அட்டையில் பற்றவைத்துவிட்டால் அதுவே ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது ராஸ்ப்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், மாணவர்கள் கணிப்பொறியைத் தம் கையால் இயக்கிக் கற்கவேண்டும் என்ற எண்ணத்தில் 2009ஆம் ஆண்டு ஓர் அறக்கட்டளை அமைந்தது. எபன் அப்டன் என்பவர் அதன் நிறுவனர்களுள் ஒருவர். அதன் முதற் பலகை 2012 பிப்ரவரி 29ஆம் தேதி 35 டாலர் விலையில் வெளிவந்தது. நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். சட்டைப் பைக்குள் அடங்கும்.

அந்த முதற் பலகை பாடம் கற்பிக்கத்தான் ஏற்றதாயிருந்தது; அலுவலக வேலைக்கு அதன் வேகம் போதவில்லை. 2019 ஜூன் மாதம் வந்த நான்காம் பலகையில் 4 கிகாபைட் வரை நினைவகம் கிடைத்தது. இரண்டு திரைகளையும் இணைக்கலாம். அதன் பின்னரே இதனை அன்றாட மேசைப் பொறியாகக் கொள்ளலாம் என்ற பேச்சு உறுதிப்பட்டது. 2020 நவம்பரில் விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறியை அடக்கிய பை 400 வெளியாயிற்று. 2023ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த ஐந்தாம் பலகை, நான்காம் பலகையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரைவுடையது. அதன் 4 கிகாபைட் வகைக்கு அறிவித்த விலை 60 டாலர். ஆயினும் இவ்விலை நிலையானதென்று எண்ணிவிடலாகாது. 2021 முதல் சில்லுத் தட்டுப்பாட்டினால் இப்பலகைகள் கிடைப்பதே அரிதாயிற்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதனால் பலகைகளின் விலையும் ஏறிற்று. அறிவித்த விலையோடு சுங்கம், வரி, வியாபாரியின் இலாபம் ஆகியவையும் சேரும். ஆகவே, செவிவழி கேட்ட விலையை நம்பாமல் மூன்று விலைப்புள்ளிகளேனும் பெற்றுத் தீர்மானம் போடுவதே முறை.

நம் நாட்டு முயற்சிகள்

மலிவான கணிப்பொறியைச் சாமானிய மக்களிடம் சேர்க்கவேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் அந்நகரப் பொறியாளர்களும் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தத்தக்க 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கருவியை உருவாக்கினர். 2001இல் அதன் முன்மாதிரி வெளிவந்தது. 2004இல் அது கடைக்கு வந்தது. சென்னையிலே நோவாட்டியம் என்ற நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோரின் தொடர்போடு, உள்வட்டு இல்லாத சிறு பொறியை வீடுகளுக்குத் தர முயன்றது. வேலையெல்லாம் தொலைவிலுள்ள பெரும்பொறியில் நடக்கும். வீட்டிலிருப்பது திரையும் விசைப்பலகையும் ஒரு சிறு பெட்டியுமே.

இவை இரண்டும் நாடெங்கும் பரவவில்லை. கருவி மலிவாயிருந்தால் மட்டும் போதாது. அதில் ஓடும் மென்பொருள், பழுது பார்ப்பவர், பக்கத்தில் இருந்து சொல்லித்தருபவர் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதே இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம்.

இப்போது அந்த மூன்றில் முதலாவது நம்மிடம் உள்ளது. 2007ஆம் ஆண்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, லினக்ஸ் வழியில் அமைந்த 'பாஸ்' என்னும் இயக்கமுறையைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இலவசமாக வெளியிட்டது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் பொறிகள் பலவற்றில் விண்டோஸோடு இந்தப் பாஸும் இருந்தது. சிறு பலகையில் ஓடும் இயக்கமுறையும் பாஸும் டெபியன் என்னும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. ஆகவே, அந்த மடிக்கணினியில் பழகிய பிள்ளை அங்கத்தினர் வீட்டில் இருந்தால், அப்பிள்ளையே சங்கத்திற்கு முதல் ஆசிரியராகலாம்.

எவ்வேலைக்கு ஆகும், எவ்வேலைக்கு ஆகாது?

கடிதம் எழுதுதல், தீர்மானப் புத்தகத்தின் படி எடுத்தல், கூலிப் பட்டியல், நூல் இருப்பு, விதை உரம் வழங்கிய கணக்கு ஆகிய அனைத்தையும் லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருளில் எழுதலாம். இணையத்தில் உலவியின் வழியாகச் செய்யும் சாதாரண வேலைகளையும் செய்யலாம். தமிழில் தட்டச்சு செய்வதற்கும் தடையில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைமுறை இதிலும் உண்டு. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தர முறையாக ஏற்றது. அம்முறையில் எழுதிய கடிதம் எந்தப் பொறியிலும் பிழையின்றித் தெரியும். அதற்கு முன் பழைய எழுத்துருக்களில் எழுதிவைத்த கோப்புகள் மட்டும், திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்ட பின்னரே பழைய பொறியைக் கைவிட வேண்டும்.

ஆகாத வேலைகளையும் மறைக்காமல் கூறவேண்டும். இப்பலகையின் மூளைச் சில்லு, மேசைப் பொறிகளில் இருப்பதினின்று வேறுபட்ட ஆர்ம் என்னும் வகையைச் சேர்ந்தது. ஆதலால் விண்டோஸுக்கென எழுதப்பட்ட டேலி போன்ற கணக்கு மென்பொருள் இதில் நேராக ஓடாது. டிஜிட்டல் கையொப்பச் சாவி, கைரேகைக் கருவி ஆகியவற்றோடு தரப்படும் மென்பொருள் பெரும்பாலும் இவ்வகைச் சில்லுக்குக் கிடைப்பதில்லை. அச்சுப்பொறிகளிலும் சில இதனோடு ஒத்துவரும், சில ஒத்துவரா. சங்கத்தில் உள்ள அச்சுப்பொறியை இணைத்து ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்கலாம்.

தொடக்க வேளாண்மைச் சங்கங்களின் நிலை வேறு. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் சேர்ந்த சங்கங்கள் அதற்கெனத் தரப்பட்ட பொறியிலேயே கடன் கணக்கை எழுதவேண்டும். அங்கே சிறு பலகைக்கு உரிய இடம் இரண்டாம் மேசை. கடிதம், உர இருப்பு முதலியவற்றை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கூலிப் பட்டியலின் கதை

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் பழைய பொறி நின்றுபோயிற்று. என் யோசனையின் பேரில் அவர்கள் நான்காம் பலகை ஒன்றை வாங்கினார்கள். எழுத்தர் இளைஞர், ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். கூலிப் பட்டியல் பிழையின்றி வந்தது. நானும் பெருமை கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் நான் அங்கே சென்றிருந்தபோது, வயது முதிர்ந்த நெசவாளி அம்மையார் ஒருவர் நூல் பாஸ் புத்தகத்தோடு வந்தார். பட்டியலில் தமக்கு இரண்டு சேலைகளின் கூலி வரவில்லை என்றார். எழுத்தர் பொறியில் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் சேலை கொடுத்தது 13ஆம் தேதி. முற்பாதிப் பட்டியலில் வாங்கியிருப்பீர்களே" என்றார். அம்மையார் பாஸ் புத்தகத்தை விரித்துக் காட்டினார். "தம்பி, ஊடை நூலே 14ஆம் தேதிதான் வாங்கினேன், இதோ உன் கையெழுத்து. நூல் வாங்குமுன்னே சேலை கொடுத்தேனாக்கும்?" என்று கேட்டார். எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தேதியைப் பார்த்தேன்.

விவரம் இதுதான். நான்காம் பலகையிலும் அதற்கு முந்தியவற்றிலும் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. இயக்கியவுடன் அது இணையத்தைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லையேல், முந்திய நாள் எந்த நேரத்தில் அணைத்தோமோ அந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். அம்மாதம் 11ஆம் தேதி சாலை வேலையில் இணையக் கம்பி அறுந்துபோயிற்று. மாலை ஆறு மணிக்கு அணைத்து மறுநாள் காலை பத்து மணிக்கு இயக்கினால் இரவொன்றுக்குப் பதினாறு மணி நேரம் பின்தங்கும். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. இவ்வாறு 17ஆம் தேதி காலையில் பொறி 13ஆம் தேதி என்று எண்ணிக்கொண்டிருந்தது. அன்று அம்மையார் கொடுத்த சேலைகள் 13ஆம் தேதியில் பதிவாயின. 15ஆம் தேதி வரையிலான முற்பாதிப் பட்டியலோ முந்திய நாளே முடிக்கப்பட்டுக் கூலியும் பட்டுவாடா ஆகிவிட்டது. பிற்பாதிப் பட்டியல் 16ஆம் தேதி முதல் தொடங்குவது. ஆகவே அவருடைய கூலி இரண்டிலும் சேராமல் நடுவில் விழுந்துவிட்டது.

அதே வாரத்தில் சேலை கொடுத்த வேறு சிலரின் கூலியும் இவ்வாறே தவறியிருந்தது. அவர்கள் கேட்கவில்லை, இந்த அம்மையார் கேட்டார். கையால் எழுதிய பாஸ் புத்தகம் இருந்ததனால் உண்மை வெளிவந்தது. அன்று மாலைக்குள் அனைவருக்கும் கூலி கொடுக்கப்பட்டது. பலகையை வாங்கச் சொன்ன நான் அதன் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டறியவில்லை. இப்பிழை எழுத்தரைச் சார்ந்ததன்று, என்னைச் சார்ந்தது.

வாங்குவோர் கைக்கொள்ள வேண்டியவை

இந்த அனுபவத்தினாலும் பிற சங்கங்களில் கண்டதனாலும் கீழ்க்கண்டவற்றை வற்புறுத்துகிறேன்.

முதலாவது, கடிகாரம். ஐந்தாம் பலகையில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது; ஆயினும் அதற்குரிய சிறு மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்தவேண்டும். நான்காம் பலகையாயின் தனிக் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்க்கவேண்டும். இரண்டிலும் எழுத்தர் காலையில் முதல் வேலையாகத் திரையின் தேதியைச் சுவர்க் காலண்டரோடு ஒப்பிட்டு வருகைப் பதிவேட்டில் குறிப்பது நன்று.

இரண்டாவது, சேமிப்பு. இப்பலகை கைபேசியில் செருகும் சிறு அட்டையைப் போன்ற ஒன்றிலிருந்து இயங்குகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அவ்வட்டையின் பதிவுகள் கெட்டுவிடக்கூடும். ஆகவே, கணக்கை யு.எஸ்.பி. வழியே இணைக்கும் திடநிலை வட்டில் வைப்பது மேல். அன்றாடம் மாலையில் ஒரு படி எடுத்து இரும்பு அலமாரியிலும், வாரம் ஒரு படி வேறு கட்டிடத்திலும் வைக்கவேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். கைபேசியின் சார்ஜரைக் கொண்டு இதனை இயக்கலாகாது. நான்காம் பலகைக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியரும், ஐந்தாம் பலகைக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியரும் தரும் உரிய மின்வழங்கி வேண்டும். குறைந்தால் திரையில் மின்னல் குறி தோன்றும். அதனைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் கூடாது. சிறிய யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

நான்காவது, வெப்பமும் தூசியும். சில்லின் வெப்பம் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது நேரக்கூடியதே. தறிக்கூடத்திலும் நூல் கிடங்கிலும் பஞ்சுத் தூசி காற்றாடியை அடைத்துவிடும். அவ்விடங்களில் பலகை முழுவதும் வெப்பத்தை வெளிவிடும் காற்றாடியில்லா உலோகக் கூடே நலம். ஐந்தாம் பலகைக்குக் காற்றாடி வைப்பின் மாதம் ஒருமுறை துடைக்கவேண்டும்.

ஐந்தாவது, கையெழுத்துப் பதிவு. நூல் பாஸ் புத்தகத்தையும் அங்கத்தினர் கையிலுள்ள இரசீதையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. பொறி பிழைக்கும்போது நெசவாளிக்கு அதுவே சாட்சி.

சிக்கனக் கணக்கு

இவ்வளவு தொல்லை ஏன் என்று சிலர் கேட்கலாம். மின்சாரக் கணக்கை மட்டும் பார்ப்போம். பழைய மேசைப் பொறியின் பெட்டி 80 வாட் இழுப்பதாகவும், சிறு பலகை 8 வாட் இழுப்பதாகவும் கொள்வோம். திரைக்கு ஆகும் செலவு இரண்டிற்கும் பொது. நாளொன்றுக்கு 8 மணி வீதம் மாதம் 25 நாட்கள் ஓடினால், முன்னதற்கு 16 யூனிட், பின்னதற்கு 1.6 யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 173 யூனிட் மிச்சமாகும். அதே யு.பி.எஸ். மின்கலமும் பன்மடங்கு நேரம் தாங்கும். மின்தடையின்போது கணக்கை முடித்து ஒழுங்காக அணைக்க அவகாசம் கிடைக்கும்.

எனினும் வாங்குமுன் ஒன்றைச் செய்து பாருங்கள். விண்டோஸ் 10 ஓடிய பழைய பொறி உடலில் பழுதில்லாதிருந்தால், அதிலேயே லினக்ஸை இலவசமாக ஏற்றிப் பார்க்கலாம். பல பொறிகள் அதனால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். செலவில்லாத வழி கண்ணெதிரில் இருக்கப் புதிது வாங்குவது சிக்கனமாகாது. பழையது உண்மையாகவே முடிந்துபோயிருந்தாலோ, இரண்டாம் மேசைக்குப் பொறி தேவைப்பட்டாலோ, சிறு பலகையை நாடலாம். அப்போதும் 4 கிகாபைட்டுக்குக் குறைந்த நினைவகம் உள்ளதை வாங்கவேண்டாம். திரை, விசைப்பலகை ஆகியவற்றில் பழையவற்றையே பயன்படுத்தலாம்.

சேர்ந்து செய்வோம்

சிம்ப்யூட்டரின் வரலாற்றிலிருந்து கற்ற மூன்று தேவைகளுள் மென்பொருள் கிடைத்துவிட்டது என்றேன். பழுது பார்ப்பவரையும் சொல்லித்தருபவரையும் தனித்தனிச் சங்கம் தேடிக்கொள்வது கடினம். கண்டனூர், புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர் என்று அடுத்தடுத்து இருக்கும் நம் சங்கங்கள் ஒரே வகைப் பலகையை ஒன்றாக வாங்கினால் விலையும் குறையும். ஓர் உபரிப் பலகையைப் பொதுவில் வைத்துக்கொள்ளவும் இயலும். ஒரு சங்கத்தில் பலகை பழுதானால், அதன் அட்டையையும் வட்டையும் கழற்றி அதே வகையான உபரிப் பலகையில் செருகி அன்றைக்கே வேலையைத் தொடரலாம். கணிப்பொறி படித்த இளைஞர் ஒருவருக்கு மாதம் இருமுறை வந்துபோகச் சங்கங்கள் சேர்ந்து ஊதியம் கொடுத்தால் ஒருவர் மேலும் சுமை விழாது.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு இழைக்கும் வண்ணத்திற்கும் உரியதாயினும், அதனை நெய்த கைக்கு உரிய கூலி உரிய நாளில் போய்ச் சேர்ந்தால்தான் அக்கை தறியில் நிற்கும். கூலியைக் கொண்டுசேர்ப்பது பேரேடு. அதனை எழுதும் கருவி சிறிதாயிருக்கலாம், மலிவாயிருக்கலாம்; அதனைச் சரிபார்க்கும் கண் மட்டும் நம்முடையதாயிருக்க வேண்டும். அன்று அந்த அம்மையார் பாஸ் புத்தகத்தை விரித்ததுபோல் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் புத்தகத்தை விரித்துக் கேட்கப் பழகவேண்டும். கேட்டவருக்கு முகம் கோணாமல் விடை சொல்லச் சங்கமும் பழகவேண்டும்.